வாடாமல்லி வாடாமல்லியாகவே வர: வீட்டில் போட்டோ பிரிண்ட் போடுபவர்களுக்கு

என் தங்கை முகூர்த்தத்துக்குக் கட்டியது வாடாமல்லிப் பட்டு, அரக்கு பார்டர். கல்யாணம் முடிந்த பிறகு, இருபது படங்களைத் தேர்ந்தெடுத்து வீட்டிலேயே பிரிண்ட் போட்டு, ஆல்பமாக அம்மாவிடம் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் தாள் வெளியே வந்தபோது வாடாமல்லி, கத்தரிக்காய் நிறமாகியிருந்தது. தங்கையின் முகம் வெயிலில் நின்றவள் முகம்போலச் சிவந்திருந்தது. பின்னால் நின்ற மாமாவின் வெள்ளை வேட்டியில் லேசாக ரோஸ் படர்ந்திருந்தது. படத்தில் சிவப்பைக் குறைத்து மறுபடி ஒரு பிரிண்ட், கொஞ்சம் பச்சையைக் கூட்டி இன்னொரு பிரிண்ட் என்று பதினோரு தாள் போனது. முகம் சரியானால் புடவை கெட்டது, புடவை சரியானால் இலை கெட்டது. கடைசியில் பார்த்தால் பிழை படத்திலும் இல்லை, பிரிண்டரிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நான் கவனிக்காமல் விட்ட ஒரே ஒரு செட்டிங்கில் இருந்தது.

அந்தப் பதினோரு தாளை நீங்கள் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காக, நான் இப்போது செய்யும் வரிசையை அப்படியே எழுதுகிறேன். இதில் வரிசைதான் முக்கியம். படத்தின் நிறத்தைத் திருத்துவது கடைசி வேலை. அதற்கு முன்னால் பிரிண்டர், தாள், திரை, செட்டிங், பார்க்கும் வெளிச்சம் என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்துவிட வேண்டும். இவற்றில் ஒன்று தவறாக இருக்கும்போது படத்தைத் திருத்தினால், ஒரு தவறை மறைக்க இன்னொரு தவறைச் செய்தவர்களாகிறோம். அடுத்த படத்துக்கு அந்தத் திருத்தம் உதவாது.

திரையும் தாளும் ஏன் ஒத்துப்போவதில்லை

திரை தானே ஒளி விடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுதாகக் கூட்டினால் அதில் வெள்ளை வரும். தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. அறையின் வெளிச்சம் தாளில் விழுகிறது, மை அதில் கொஞ்சத்தை விழுங்குகிறது, மிச்சம் நம் கண்ணுக்கு வருகிறது. சயான் (பச்சை கலந்த நீலம்) மை சிவப்பு ஒளியை விழுங்கும். மெஜந்தா (வாடாமல்லிக்கு நெருங்கிய நிறம்) பச்சையை விழுங்கும், மஞ்சள் நீலத்தை விழுங்கும். அதனால் திரையில் பளீரென்று ஒளிரும் சில நீலங்களையும் பச்சைகளையும் எந்த மையாலும் எட்ட முடியாது. மறுபக்கம், நல்ல கிளாஸி தாளில் விழும் சயானும் மஞ்சளும் சாதாரணத் திரை காட்டுவதைவிட அழுத்தமாக இருப்பதும் உண்டு.

ஆக இரண்டும் இரண்டு மொழி. நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதற்குப் பெயர்தான் ஐ.சி.சி. புரொஃபைல். 1993-ல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பின் பெயர் ஐ.சி.சி. எந்தக் கம்பெனிக் கருவியாக இருந்தாலும் நிறத்தை ஒரே முறையில் விவரிக்க அவர்கள் வகுத்த கோப்புதான் இது. "இந்தப் பிரிண்டரில், இந்த மையை, இந்தத் தாளில், இந்த அளவு போட்டால் கண்ணுக்கு இந்த நிறம் தெரியும்" என்ற அட்டவணை அதற்குள் இருக்கிறது. பிரிண்டர், மை, தாள் மூன்றில் ஒன்று மாறினாலும் அந்த அட்டவணை செல்லாது. புதிதாக வருபவர்கள் மனதில் இருத்த வேண்டிய விஷயம் இது.

முதலில் பிரிண்டர் நலமா என்று பாருங்கள்

நாசில் செக், அதாவது மை தெளிக்கும் நுண்ணிய துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை போடாமல் நிறத்தைப் பற்றிப் பேசவே கூடாது. டிரைவரின் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) மெயின்டெனன்ஸ் பகுதியில் அது இருக்கும். சாதாரணத் தாளில் கோடுகளாக அச்சாகி வரும். கோடு ஒன்று விட்டுப்போயிருந்தால் அந்த நிறம் அங்கே அடைத்திருக்கிறது என்று பொருள். ஒருமுறை ஹெட் கிளீனிங் கொடுத்து மறுபடி பாருங்கள். இரண்டு மூன்று முறை கொடுத்தும் வரவில்லை என்றால் சில மணி நேரம் விட்டுப் பிடியுங்கள். விடாமல் கிளீனிங் கொடுத்தால் மை, கழிவு மையை உறிஞ்சும் வேஸ்ட் பேடுக்குப் போகிறதே தவிர அடைப்பு சீக்கிரம் திறப்பதில்லை.

ஆறு நிற பிரிண்டர்களில் ஒரு சிக்கல் உண்டு. எப்சன் எல்805 போன்றவற்றில் கறுப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள் தவிர வெளிர் சயான், வெளிர் மெஜந்தா என்று இரண்டு கூடுதல் மை இருக்கும். முகத்தின் மென்மையான நிழல்களை இந்த வெளிர் மைகள்தான் கவனித்துக்கொள்கின்றன. வெளிர் மெஜந்தா அடைத்தால் முகம் பச்சை தட்டும். ஆனால் புடவை, சட்டை போன்ற அழுத்தமான நிறங்கள் நன்றாகவே இருக்கும். அதனால் மையில் கோளாறு என்றே பலருக்குத் தோன்றாது.

மஞ்சள் கோடுகளை வெள்ளைத் தாளில் பார்ப்பது கடினம். இருட்டு அறையில் கைபேசித் திரை முழுவதும் நீல நிறத்தை வரவழைத்து, அந்த வெளிச்சத்தில் தாளைப் பாருங்கள். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கிவிடுவதால் கோடுகள் கறுப்பாக எழுந்து தெரியும்.

பிரிண்டரை அதன் சொந்த பட்டனில்தான் அணைக்க வேண்டும். சுவர் சுவிட்சை நேராக அணைத்தால் ஹெட் தன் மூடியில் போய் உட்காராமல் நடுவழியில் நின்றுவிட வாய்ப்பு உண்டு. அப்படி நின்றால் மை காய்ந்துவிடும். வாரம் ஒரு சின்ன கலர் பிரிண்ட் போட்டுவந்தால் அடைப்பு பெரும்பாலும் வராது.

தாளும் மையும்

ஆரம்பத்தில் பிரிண்டர் கம்பெனியின் சொந்த மை, அதே கம்பெனியின் ஒரு கிளாஸி தாள், அதிலும் ஒரே வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் டிரைவரோடு வரும் புரொஃபைல்கள் இந்தக் கூட்டணிக்காக அளந்து செய்தவை. கடையில் கிடைக்கும் மலிவுத் தாளில் 180 ஜி.எஸ்.எம்., 270 ஜி.எஸ்.எம். என்று எழுதியிருப்பது தாளின் கனத்தைத்தான் சொல்கிறது. மேல்பூச்சு எப்படி மையை வாங்கிக்கொள்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. ஒரே கனமுள்ள இரண்டு தாளில் ஒரே படம் வேறு வேறு நிறமாக வரும்.

நானும் ஒருமுறை விலை குறைந்த மாற்று மை வாங்கி டேங்கில் ஊற்றினேன். நிறம் மோசமில்லை. ஆனால் கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் பச்சையாக வந்தன. அந்த மைக்கு ஏற்ற புரொஃபைல் என்னிடம் இல்லை. மாற்று மைதான் கட்டுப்படியாகும் என்பவர்கள், அந்த மைக்கும் தாளுக்கும் சேர்த்துத் தனி புரொஃபைல் செய்துகொள்ள வேண்டும். நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்கள் உள்ள ஒரு பக்கத்தை, நிறத் திருத்தம் எதுவும் இல்லாமல் அச்சிட்டு, ஒரு நாள் காயவைத்து, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற கருவியால் அளந்து புரொஃபைல் உண்டாக்குவார்கள். கருவி விலை அதிகம். கட்டணத்துக்கு அளந்து தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இது இரண்டாம் வகுப்புப் பாடம். முதலில் கம்பெனி மையிலும் தாளிலும் கை பழகட்டும்.

தாளில் எந்தப் பக்கம் அச்சிடுவது என்று சந்தேகம் வந்தால், ஈரமான விரலால் ஒரு மூலையைத் தொடுங்கள். லேசாக ஒட்டும் பக்கம்தான் மேல்பூச்சு உள்ள பக்கம்.

திரையைத் தாளுக்குச் சமமாக இறக்குங்கள்

"திரையில நல்லாத்தான் இருக்கு, பிரிண்ட் மட்டும் கறுப்பா வருது" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் புகார். பெரும்பாலும் பிரிண்ட் கறுப்பாக வரவில்லை, திரைதான் அளவுக்கு மீறி வெளிச்சமாக இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த பல மானிட்டர்கள் ஒரு சதுர மீட்டருக்கு 250 கேண்டெலாவுக்கு மேல் ஒளி விடுகின்றன. நிட்ஸ் என்று விளம்பரத்தில் போடுவதும் இதே அளவைத்தான். போட்டோ பிரிண்ட் வேலைக்கு 80 முதல் 120 வரை போதும். 250-க்கு மேல் ஒளிர்ந்தால் இருட்டான படம்கூட வெளிச்சமாகத் தெரியும். நீங்களும் அது போதும் என்று விட்டுவிடுவீர்கள். தாளில் அது தன் உண்மையான இருட்டோடு வந்து நிற்கும்.

கருவி இல்லாமலேயே இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். நைட் லைட், கண் பாதுகாப்பு மோட், தானாக வெளிச்சம் மாற்றும் வசதி எல்லாவற்றையும் அணையுங்கள். திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். அச்சிடப்போகும் போட்டோ தாள் ஒன்றை, அறையின் வழக்கமான வெளிச்சம் அதன்மேல் விழும்படி, திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். இப்போது மானிட்டரின் பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். திரையின் வெள்ளை விளக்குப்போல ஒளிர்வது நின்று, தாளின் வெள்ளையும் திரையின் வெள்ளையும் ஒரே அளவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். முதல் நாள் திரை மங்கிப்போனதாகத் தோன்றும். ஒரு மணி நேரத்தில் கண் பழகிவிடும். பிரிண்ட் தொடர்பான என் குறைகளில் பாதியைத் தீர்த்தது இந்த ஒரு காரியம்தான்.

அப்புறம் மானிட்டரின் சொந்த மெனுவில் நிற வெப்பநிலை 6500 கெல்வின், காமா 2.2, பிக்சர் மோட் 'எஸ்.ஆர்.ஜி.பி.' அல்லது 'ஸ்டாண்டர்ட்' என்று வையுங்கள். 'விவிட்', 'டைனமிக்' எல்லாம் வேண்டாம். கையில் காசு இருந்தால் ஸ்பைடர், கேலிப்ரைட் வகை காலரிமீட்டர் ஒன்றை வாங்கலாம். திரைமேல் தொங்கவிட்டால் அதுவே நிறங்களை அளந்து, திரைக்கான புரொஃபைலைச் செய்து தரும். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்ல யோசனை. வாங்க முடியாவிட்டால் விண்டோஸிலேயே 'காலிபரேட் டிஸ்ப்ளே கலர்' என்று ஒரு கருவி இருக்கிறது. கண்ணால் பார்த்துச் செய்வதுதான், ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு மேல்.

லேப்டாப்பில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை குறைந்த லேப்டாப் பலவற்றின் திரையால் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொது நிற வரையறையில் உள்ள நிறங்களையே முழுதாகக் காட்ட முடியாது. சிலவற்றில் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினாலே படம் வெளுக்கும், குனிந்தால் கறுக்கும். அப்படிப்பட்ட திரையை நம்பி நிறம் திருத்தாதீர்கள். அடுத்து சொல்லப்போகும் சோதனைத் தாளை நம்புங்கள்.

ஒரு சோதனைப் பக்கம் செய்துகொள்ளுங்கள்

இதை ஒரே ஒருமுறை செய்தால் போதும். ஏ4 அளவில் ஒரு பக்கம், அங்குலத்துக்கு 300 பிக்சல், நிற வெளி, அதாவது நிற வரையறை, எஸ்.ஆர்.ஜி.பி. மைக்ரோசாஃப்டும் ஹெச்.பி.யும் 1996-ல் உண்டாக்கிய நிற வெளி அது. கேமராவும் கைபேசியும் இணையமும் பொதுவாகப் புரிந்துகொள்ளும் மொழி அதுதான். அடோபி ஆர்.ஜி.பி. அதைவிட அகலமானது, உண்மை. ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது குழப்பத்தைத்தான் கூட்டும்.

அந்தப் பக்கத்தில் நான் வைத்திருப்பவை: வீட்டில் மாநிறமான ஒருவர், நல்ல கறுப்பான ஒருவர், சிவந்த நிறமுள்ள ஒருவர் என்று மூன்று முகங்கள். வாழை இலை ஒன்று. வாடாமல்லிப் புடவை. வெள்ளை வேட்டியின் மடிப்புகள் நெருக்கத்தில். கறுப்பிலிருந்து வெள்ளை வரை பதினொரு கட்டங்களாகச் சாம்பல் பட்டை ஒன்று. கடைசியாக, தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம்.

சாம்பல் பட்டையில் ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண் இருக்க வேண்டும். நடுக் கட்டம் 128, 128, 128. இந்தப் பட்டை ஏன் என்றால், நம் கண் நிறங்களில் எளிதாக ஏமாறும், சாம்பலில் ஏமாறாது. புடவை கொஞ்சம் சிவந்தால் "அப்படித்தான் இருந்ததோ" என்று தோன்றும். சாம்பல் சிவந்தால் உடனே பிடிபடும். தாத்தாவின் படமும் அதற்காகத்தான். அவருடைய வெள்ளைச் சட்டைக்கும் நரைத்த மீசைக்கும் நடுவே எத்தனை சாம்பல் என்று எனக்கு மனப்பாடம். அச்சில் மீசை பச்சை தட்டினால், வேறு எதையும் பார்க்காமலே ஏதோ தவறு என்று தெரிந்துகொள்வேன். இந்தப் பக்கத்தைக் கலராகவே அச்சிட வேண்டும். டிரைவரில் 'கிரேஸ்கேல்' என்று தேர்ந்தால் கலர் மைகளின் சமநிலை தெரியாமல் போய்விடும்.

இந்தக் கோப்பை ஒருபோதும் திருத்தாதீர்கள். அதுதான் உங்கள் அளவுகோல்.

நிறத்தை ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்

என் பதினோரு தாளும் போனது இந்த இடத்தில்தான். சாம்பாருக்கு மாமியாரும் மருமகளும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் உப்புப் போட்டால் என்ன ஆகும்? போட்டோஷாப் ஒருமுறை நிறத்தைத் தாளுக்கேற்ப மாற்றியது. அது தெரியாமல் டிரைவர் தன் பங்குக்கு இன்னொருமுறை மாற்றியது. இரட்டைத் திருத்தத்தில் படம் முழுவதும் ஒரே திசையில் சாயும். எனக்கு மெஜந்தா பக்கம் சாய்ந்தது, சிலருக்குப் பச்சைப் பக்கம் சாயலாம். இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மற்றவரைக் கண்டிப்பாக ஒதுக்கிவைக்க வேண்டும்.

முதலில் புரொஃபைல் கணினியில் இருக்க வேண்டும். கம்பெனித் தாளுக்கானது பொதுவாக டிரைவரோடு வந்துவிடும். வேறு கம்பெனியின் நல்ல தாள் என்றால், அவர்கள் இணையதளத்தில் உங்கள் பிரிண்டர் மாடலைத் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் அந்தக் கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் புரொஃபைல்' கொடுத்தால் முடிந்தது. போட்டோஷாப் திறந்திருந்தால் மூடித் திறக்க வேண்டும். அதன்பின்:

1. ஃபைல், பிரிண்ட் என்று போங்கள். கலர் மேனேஜ்மென்ட் பகுதியில் 'போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' என்பதைத் தேருங்கள்.

2. பிரிண்டர் புரொஃபைல் என்ற இடத்தில் உங்கள் பிரிண்டரும் தாளும் சேர்ந்த பெயரைத் தேருங்கள். இங்கே எஸ்.ஆர்.ஜி.பி.யைத் தேர்ந்தெடுப்பது பலர் செய்யும் தவறு. அது படத்தின் மொழி, தாளின் மொழி அல்ல.

3. ரெண்டரிங் இன்டென்ட் (தாளால் எட்ட முடியாத நிறங்களை என்ன செய்வது என்ற விதி) 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்'. கீழே 'பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன்' டிக் இருக்கட்டும்.

4. 'பிரிண்ட் செட்டிங்ஸ்' பட்டனை அழுத்தி டிரைவருக்குள் போங்கள். தாள் வகை சரியாக இருக்கட்டும், தரம் 'ஹை' என்று இருக்கட்டும்.

5. டிரைவரின் நிறத் திருத்தத்தை அணையுங்கள். எப்சன் டிரைவர்களில் கலர் கரெக்‌ஷனைக் 'கஸ்டம்' ஆக்கி, 'அட்வான்ஸ்டு' உள்ளே போனால் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' என்று இருக்கும். கேனானில் கலர் இன்டென்சிட்டியை 'மேனுவல்' ஆக்கி, 'மேட்சிங்' பக்கத்தில் 'நன்' என்று வைக்க வேண்டும். மேக்கில் மென்பொருள் நிறத்தை எடுத்துக்கொண்டதும் டிரைவரின் பகுதி பெரும்பாலும் தானே மங்கி ஒதுங்கிவிடும்.

ஐந்தாவதைத்தான் நான் விட்டிருந்தேன்.

டிரைவரில் தாள் வகையை ஏதோ ஒரு பெயர் என்று கடந்து போய்விடாதீர்கள். எவ்வளவு மை கொட்டுவது என்பதே அதைப் பொறுத்தது. கிளாஸி தாளை வைத்துவிட்டு 'பிளெய்ன் பேப்பர்' என்று விட்டால் படம் வெளுத்து, சேறுபோல வரும். புரொஃபைல் எந்தத் தாள் வகைக்கு அளந்ததோ அதையே டிரைவரிலும் தேர வேண்டும்.

போட்டோஷாப்புக்குப் பதில் ஜிம்ப் என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் படத்தின் ஒரு நகலை எடுத்து, 'கன்வர்ட் டு கலர் புரொஃபைல்' மூலம் அதைத் தாளின் புரொஃபைலுக்கு மாற்றிவிட்டு, டிரைவரின் திருத்தத்தை அணைத்து அச்சிடலாம். மூலப் படத்தை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரொஃபைல் எதுவும் கிடைக்கவில்லையா? கைபேசியிலிருந்து நேராக அச்சிடுகிறீர்களா? அப்போது இரண்டாவது ஆள், அதாவது டிரைவரே பார்த்துக்கொள்ளட்டும். போட்டோஷாப்பில் 'பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்' என்று விட்டு, எஸ்.ஆர்.ஜி.பி. படத்தைக் கொடுங்கள். கைபேசி செயலியில் 'ஆட்டோ கரெக்ட்', 'ஆட்டோ என்ஹான்ஸ்' இருந்தால் அணையுங்கள். கம்பெனி மையும் தாளும் இருந்து, தாள் வகையும் சரியாக இருந்தால், வீட்டு ஆல்பத்துக்கு இதுவே போதுமான அளவு நன்றாக வரும். வாட்ஸப்பில் வந்த படத்தில் பிக்சல் குறைந்திருக்கும். அதை அச்சிடாமல், அனுப்பியவரிடம் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். நான்குக்கு ஆறு அங்குலம் நன்றாக வர 1800க்கு 1200 பிக்சல் வேண்டும்.

காயட்டும், அப்புறம் ஜன்னலருகே போங்கள்

இப்போது சோதனைப் பக்கத்தை அச்சிடுங்கள். வெளியே வந்ததும் முடிவு சொல்லாதீர்கள். டை மை (சாய வகை மை) காயக் காய நிறம் சற்று மாறி நிலைக்கு வரும். குறைந்தது ஒரு மணி நேரம். மழைக்காலத்தில் ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இன்னும் கூடுதலாக விடுங்கள்.

எங்கே வைத்துப் பார்ப்பது என்பது பிரிண்டரைப்போலவே முக்கியம். நம் வீடுகளில் ஓர் அறையில் 6500 கெல்வின் வெள்ளை டியூப் லைட், இன்னோர் அறையில் 3000 கெல்வின் மஞ்சள் பல்பு. ஒரே பிரிண்ட் இங்கே நீலம் தட்டும், அங்கே மஞ்சள் தட்டும். அச்சுத் துறையில் பிரிண்டைப் பார்ப்பதற்கென்றே 5000 கெல்வின் வெளிச்சத்தை அளவாக வைத்திருக்கிறார்கள். நமக்கு அதற்கு நெருக்கமாகக் கிடைப்பது ஜன்னல் வெளிச்சம். காலை பத்து மணி வாக்கில், நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம், ஒரு வெள்ளைத் தாளின்மேல் பிரிண்டை வைத்துப் பாருங்கள். சுவரின் நிறமும் தாளில் விழும். என் அறைச் சுவர் இளம்பச்சை. அதை ஒட்டிப் பிடித்தால் எல்லா முகமும் பச்சை காட்டும், அதனால் நான் வராந்தாவுக்குப் போய்விடுவேன்.

முதலில் சாம்பல் பட்டையைப் பாருங்கள். பதினொரு கட்டமும் சாம்பலாகவே இருக்கின்றனவா? கறுப்புப் பக்கம் கடைசி இரண்டு கட்டங்கள் பிரிந்து தெரிகின்றனவா? பிறகு வேட்டியின் மடிப்புகள், பிறகு முகங்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் புடவை. சாம்பல் சுத்தமாக இருந்து, தாத்தாவின் மீசை நரையாகவே இருந்தால், உங்கள் பிரிண்டர் முதல் கடைசி வரை சரியாக இருக்கிறது. சாயல் தெரிந்தால் இன்னும் படத்தைத் தொடாதீர்கள். நாசில், தாள் வகை, இரட்டைத் திருத்தம் என்ற அதே வரிசையில் மறுபடி பாருங்கள். காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போதுதான் படத்தைத் திருத்தலாம்

சோதனைப் பக்கம் சரியாக வந்து, குறிப்பிட்ட ஒரு படம் மட்டும் சிவந்திருந்தால் அது அந்தப் படத்தின் பிரச்சினை. மண்டபத்து எல்.இ.டி. விளக்கின் வேலையாக இருக்கும். இப்போது திருத்துவதில் பொருள் உண்டு.

சாயலுக்குச் சரியான பெயர் வைப்பதுதான் கடினம். "ரோஸ் அடிக்குது" என்று நாம் சொல்வது சிவப்பாகவும் இருக்கலாம், மெஜந்தாவாகவும் இருக்கலாம். சிவப்பு என்றால் சயானைக் கூட்ட வேண்டும், மெஜந்தா என்றால் பச்சையைக் கூட்ட வேண்டும். தவறாகப் பிடித்தால் திருத்தத் திருத்தக் கெடும். ஊகிப்பதற்குப் பதில் பழைய இருட்டறைக்காரர்கள் செய்ததைச் செய்யுங்கள். ஒரே ஏ4 தாளில் அந்த முகத்தை மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டங்களாக அடுக்குங்கள். நடுவில் உள்ளது மூலம். சுற்றி எட்டில் ஒன்றில் கொஞ்சம் வெளிச்சம், ஒன்றில் கொஞ்சம் இருட்டு, மற்ற ஆறில் சிவப்பு, சயான், பச்சை, மெஜந்தா, நீலம், மஞ்சள் என்று ஒவ்வொன்றைச் சிறிது கூட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் என்ன செய்தீர்கள் என்று எழுதி அச்சிடுங்கள். ஜன்னலருகே அந்த ஒன்பதையும் ஒரே பார்வையில் பார்த்தால், எது உயிருள்ள முகம் என்று வீட்டிலுள்ள யாரும் சொல்லிவிடுவார்கள். என் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நொடியில் விரலை வைத்தார், மெஜந்தாவைக் குறைத்து பச்சை கூட்டிய கட்டத்தில்.

முகத்தோலுக்கு எண்ணிலும் ஒரு சோதனை இருக்கிறது. ஐட்ராப்பரை (தொட்ட இடத்தின் நிற எண்களைக் காட்டும் கருவி) முகத்தில் வைத்தால், யாராக இருந்தாலும் சிவப்பு எண் பெரியதாகவும், பச்சை அடுத்தும், நீலம் கடைசியிலும் இருக்க வேண்டும். நீலம் பச்சையைத் தொட்டுவிட்டால் முகம் ஊதா தட்டுகிறது என்று பொருள். நிறம் திருத்துகிறேன் என்று யாரையும் வெளுப்பாக்காதீர்கள். கறுப்பான முகத்தின் அழகு அதில் விழும் ஒளியின் ஓரத்தில், கன்னத்து மினுமினுப்பில் இருக்கிறது. மொத்தமாக வெளிச்சத்தைக் கூட்டினால் அது சாம்பல் பூத்துவிடும். என் பெரியப்பாவின் படத்தை அச்சிடும்போது அவர் நிறம் அவர் நிறமாகவே வர வேண்டும் என்பதற்காகத்தான் நான் இந்த எல்லாப் பாடும் படுகிறேன்.

அச்சிடும் முன்பே தாளில் எப்படி வரும் என்று திரையில் பார்க்கவும் வழி உண்டு. போட்டோஷாப்பில் வியூ, புரூஃப் செட்டப், கஸ்டம் என்று போய் உங்கள் தாளின் புரொஃபைலைத் தேர்ந்து, பிறகு கன்ட்ரோல் ஒய் அழுத்துங்கள். படம் மங்கும். மங்கட்டும், தாள் சொல்லும் உண்மை அது. புடவையின் மடிப்புகள் ஒரே திட்டாகக் கலந்துவிட்டால் ரெண்டரிங் இன்டென்டைப் 'பெர்செப்சுவல்' என்று மாற்றிப் பாருங்கள். எட்டாத நிறங்களை மட்டும் வெட்டாமல், எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கி, மடிப்புகளைக் காப்பாற்றித் தரும்.

சில நிறங்களுக்கு எல்லை உண்டு என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜரிகை உலோகம், அதன் மினுக்கு அசையும்போது வருவது. தாளில் மஞ்சளும் பழுப்பும் வெள்ளைப் புள்ளிகளும்தான் வரும். மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். கட்டியவர் திரும்பும்போது பச்சையும் நீலமுமாக மாறும். கேமராவுக்குக் கிடைப்பது அதில் ஒரு கணம் மட்டுமே. எம்.எஸ். நீலம் கொஞ்சம் அடங்கித்தான் வரும். அதை எட்டிப் பிடிக்கிறேன் என்று சாச்சுரேஷனை (நிறத்தின் அழுத்தத்தை) கூட்டாதீர்கள், முகம் கெட்டுவிடும். வாடாமல்லி அப்படியல்ல. மெஜந்தா மை அதற்கு வெகு அருகில் இருப்பதால், செட்டிங் சரியாக இருந்தால் பிடிபட்டுவிடும். தங்கை பீரோவிலிருந்து புடவையை எடுத்துவந்து பிரிண்டின் பக்கத்தில் விரித்துப் பார்த்தாள். மடிப்பின் நிழலில் மட்டும் துளி வித்தியாசம்.

நன்றாக வந்த பிரிண்டின் பின்பக்கம் தேதி, தாளின் பெயர், புரொஃபைல், இன்டென்ட் நான்கையும் பெர்மனென்ட் மார்க்கரால் ஒரு மூலையில் எழுதிவையுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். சோதனைப் பக்கத்தின் முதல் நல்ல பிரிண்டை ஒரு கவரில் போட்டு இருட்டில் வையுங்கள். புது பாட்டில் மை ஊற்றும்போதும், புது பாக்கெட் தாள் பிரிக்கும்போதும் இன்னொன்று அச்சிட்டு அதோடு ஒப்பிடுங்கள்.

ஃப்ரேம் போடுவதாக இருந்தால் ஒரு நாள் முழுக்க வெளியிலேயே காயவிடுங்கள். அவசரப்பட்டு மூடினால் மையிலிருந்து வரும் ஆவி கண்ணாடியின் உட்புறம் பனிபோலப் படியும். கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவே அட்டைச் சட்டம் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். மாட்டும் சுவரில் நேர் வெயில் விழக் கூடாது.